அரசு யாருக்குச் சொந்தம்? இனப் பன்மை நாடுகளில் உள்நாட்டுப் போரின் காரணங்கள்

ஒரு நாட்டின் எல்லைக்குள் அரசுக்கும் ஆயுதம் ஏந்திய அமைப்புக்கும் இடையே நீடித்து நடக்கும் சண்டையே உள்நாட்டுப் போர். ஆயிரம் பேருக்கு மேல் மாண்ட சண்டைகளை மட்டும் போர்க் கணக்கில் சேர்ப்பது ஆய்வாளர்களின் பொது வழக்கம். 1945 முதல் 1999 வரை இத்தகைய 127 போர்கள் 73 நாடுகளில் நடந்தன என்று ஜேம்ஸ் ஃபியரன், டேவிட் லெய்ட்டின் என்னும் அமெரிக்க அரசியல் அறிஞர்கள் 2003இல் கணக்கிட்டார்கள். குறைத்து மதிப்பிட்டாலும் மாண்டவர்கள் 1 கோடியே 62 லட்சம் பேர். அதே காலத்தில் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே நடந்த போர்களில் மாண்டவர்களைப் போல இது ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இந்தப் போர்களில் பல, இனத்தின் பெயரால் நடந்தவை. அதனால் பல இனங்கள் சேர்ந்து வாழ்வதே போருக்கு விதை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டு ஆப்பிரிக்க நாடுகளை அருகருகே வைத்தாலே இந்த எண்ணம் ஆட்டம் காணும். தான்சானியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ளன. அங்கே உள்நாட்டுப் போர் மூளவில்லை. சோமாலியாவில் மிகப் பெரும்பாலானோர் ஒரே மொழியினர், ஒரே மதத்தினர். 1991இல் அந்த அரசே சிதறிக் குலப்பிரிவுகளின் போர்க்களமாயிற்று. ஆப்பிரிக்காவில் அண்டை இனக்குழுக்களுக்கிடையே மோதல் வெடித்திருக்கக்கூடிய சூழல்களில், உண்மையில் வெடித்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று ஃபியரனும் லெய்ட்டினும் 1996இல் காட்டினார்கள். பன்மை எங்கும் இருக்கிறது. போர் சில இடங்களில், சில காலங்களில் மட்டுமே வருகிறது. அந்தச் சில இடங்களில் என்ன நடந்தது என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

பழம்பகை என்னும் விளக்கம்

போர் மூண்டதும் முதலில் சொல்லப்படுவது, இவர்கள் காலங்காலமாகப் பகைவர்கள் என்பதுதான். 1990களில் யூகோஸ்லாவியாவைப் பற்றியும் ருவாண்டாவைப் பற்றியும் வெளிநாட்டுத் தலைவர்கள் பலர் இப்படியே பேசினார்கள். தலையிடாமல் இருப்பதற்கு வசதியான விளக்கம் அது.

ருவாண்டாவின் வரலாறு வேறு கதை சொல்கிறது. அங்கே ஹூட்டு, டுட்சி, ட்வா என்ற மூன்று பிரிவினருக்கும் மொழி ஒன்றே, வாழும் மலைச்சரிவுகளும் ஒன்றே. ஹூட்டு மக்கள் ஏறத்தாழ 85 விழுக்காடு. பழைய அரசில் மாட்டுச் செல்வமும் அரச குலத்தோடு இருந்த நெருக்கமும் டுட்சிகளின் அடையாளங்களாக இருந்தன. உயர்வு தாழ்வு இருந்தது. ஆனால் பிரிவுகளுக்கிடையே கடக்க முடியாத சுவர் இல்லை. பெல்ஜியக் காலனி ஆட்சி 1930களின் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வழங்கி அந்தச் சுவரை எழுப்பியது. தலைவர் பதவிகளையும் பள்ளிக் கல்வியையும் டுட்சிகளுக்கே பெரிதும் ஒதுக்கியது. 1959இல் தொடங்கிய கிளர்ச்சியில் அதிகாரம் ஹூட்டுகளின் கைக்கு மாறியபோது, பல்லாயிரம் டுட்சிகள் அண்டை நாடுகளுக்கு ஓடினார்கள். 1962இல் விடுதலை பெற்ற அரசு காலனி ஆட்சியின் பலவற்றை மாற்றியது. அட்டையை மட்டும் வைத்துக்கொண்டது.

அந்த அட்டையில் புகைப்படத்தோடு இனத்துக்கென்று ஒரு வரி இருந்தது. ஹூட்டு, டுட்சி, ட்வா என்ற பெயர்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாதவற்றை எழுத்தர் பேனாவால் அடித்துவிடுவார். அகதிகளின் பிள்ளைகள் உருவாக்கிய ருவாண்டா தேசபக்த முன்னணி 1990 அக்டோபரில் உகாண்டாவிலிருந்து படையெடுத்தது. 1994 ஏப்ரல் 6 அன்று ஜனாதிபதி ஹப்யாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் டுட்சிகள். சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் அட்டையைத்தான் முதலில் கேட்டார்கள். எழுத்தர் அடிக்காமல் விட்ட ஒரு சொல், ஒருவர் வீடு திரும்புவாரா என்பதைத் தீர்மானித்தது.

அடையாளம் பகையாக மாறுவதில் அரசியல் சூழலின் பங்கை இன்னொரு ஆய்வும் தெளிவாக்குகிறது. செவா, தும்புகா என்ற இரு இனக்குழுக்கள் மலாவி, சாம்பியா ஆகிய இரு நாடுகளிலும் எல்லையை ஒட்டி வாழ்கின்றன. மலாவியில் அவர்கள் எதிரெதிர் அணிகள், சாம்பியாவில் நண்பர்கள். மலாவியில் இரண்டும் தேர்தல் அணியாகத் திரட்டத்தக்க பெரிய குழுக்கள், சாம்பியாவில் இரண்டும் சிறியவை என்பதே காரணம் என்று டேனியல் போஸ்னர் 2004இல் விளக்கினார். பண்பாட்டு வேறுபாடு எல்லையின் இருபுறமும் ஒன்றே. அதை வைத்து ஆட்சியைப் பிடிக்க முடியுமா என்பதுதான் மாறுகிறது.

வறுமையும் வலுவற்ற அரசும்

2000ஆம் ஆண்டை ஒட்டிய ஆய்வுகள் பகையைவிட வாய்ப்பையே பெரிதாகக் கண்டன. ஃபியரன், லெய்ட்டின் இருவரின் முடிவு இது: தனிநபர் வருமானத்தைக் கணக்கில் கொண்டபின், இனப் பன்மை மிகுந்த நாடுகளில் போர் மூளும் வாய்ப்பு கூடுதலாக இல்லை. வறுமை, பெரிய மக்கள்தொகை, மலைப்பாங்கான நிலம், புதிதாகப் பிறந்த அரசு, ஆட்சி நிலையின்மை ஆகியவையே போரை முன்னறிவிக்கின்றன. குறைகள் எல்லா நாடுகளிலும் உண்டு; சில நூறு பேர் காட்டிலும் மலையிலும் தாக்குப்பிடிக்கக்கூடிய நாடுகளில்தான் அவை கெரில்லாப் போராகின்றன.

பால் காலியரும் ஆன்கே ஹோஃப்லரும் 2004இல் வெளியிட்ட கட்டுரை பணத்தின் பக்கத்தை எடுத்துக்கொண்டது. மூலப்பொருள் ஏற்றுமதியை நம்பியிருத்தல், இளைஞர்களின் குறைந்த பள்ளிக் கல்வி, வெளிநாடுவாழ் உறவினர்கள் அனுப்பும் நிதி ஆகியவை கிளர்ச்சிப் படையை நடத்துவதை எளிதாக்குகின்றன என்றார்கள். எனினும் ஒரு பெரிய இனம் மற்றவற்றை விஞ்சி நிற்கும் நாடுகளில் ஆபத்து கூடுவதை அவர்களது கணக்கும் காட்டியது.

வலுவற்ற அரசு இன்னொரு வகையிலும் போரை வளர்க்கிறது. கிளர்ச்சியாளர் யார், ஊரார் யார் என்று பிரித்தறியும் உளவும் ஒழுங்கும் இல்லாத படை, ஒரு கண்ணிவெடிக்கு ஒரு கிராமத்தையே தண்டிக்கிறது. அதுவரை ஒதுங்கி நின்ற இளைஞன், வீட்டில் இருந்தாலும் சாவு, காட்டுக்குப் போனாலும் சாவு என்று எண்ணத் தொடங்குகிறான். கிளர்ச்சிக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாலும் இத்தகைய தண்டனையே.

ஆனால் வாய்ப்பு மட்டும் முழு விளக்கம் ஆகாது. வறுமையும் மலையும் ஒரு நாட்டின் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக இருக்கையில், ஒரு குழு மட்டும் ஏன் ஆயுதம் எடுக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

புறந்தள்ளப்படும் குழுக்கள்

இந்த இடைவெளியை நிரப்பியது அடுத்த தலைமுறை ஆய்வு. லார்ஸ்-எரிக் செடர்மன், ஆண்ட்ரியாஸ் விம்மர், பிரையன் மின் மூவரும் ஒவ்வொரு நாட்டிலும் எந்த இனக்குழு நடுவண் அதிகாரத்தில் இருந்தது, எது வெளியே நின்றது என்பதை 1946 முதல் ஆண்டுவாரியாகத் தொகுத்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகாரத்திலிருந்து விலக்கப்பட்ட குழு, குறிப்பாக அண்மையில் கீழிறக்கப்பட்ட குழு, கிளர்ச்சியில் இறங்கும் வாய்ப்பு மற்றக் குழுக்களைவிடத் தெளிவாக அதிகம். விலக்கப்பட்ட குழு எண்ணிக்கையில் பெரியதாக இருந்தாலும், முன்பே ஒருமுறை போரிட்டிருந்தாலும் ஆபத்து மேலும் கூடுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரான்சஸ் ஸ்டூவர்ட் இதே உண்மையைப் பொருளாதாரத்தின் வழியே அணுகினார். ஏழை, பணக்காரர் என்ற ஏற்றத்தாழ்வைக் காட்டிலும், வேலை, கல்வி, நிலம், அரசு மதிப்பு ஆகியவற்றில் ஓர் இனத்துக்கும் இன்னோர் இனத்துக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வே போருக்கு அருகில் இட்டுச்செல்கிறது என்பது அவர் வாதம். தனிமனிதனுக்கு நேர்ந்த தோல்வி அவனோடு முடிகிறது. எங்கள் ஆட்களுக்கெல்லாம் இதே கதி என்று ஊரே உணரும்போது அது அரசியலாகிறது.

இலங்கை: அலுவலக மேசையிலிருந்து போர்க்களம் வரை

விலக்கல் எப்படிப் படிப்படியாக நடக்கிறது என்பதற்கு இலங்கை தெளிவான சான்று. விடுதலை பெற்ற 1948லேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1956 ஜூனில் நிறைவேறிய தனிச் சிங்களச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கியது.

சட்டம் நாளேடுகளில் ஒரு செய்தி. அரசு ஊழியருக்கு அது அன்றாட வாழ்க்கை. கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், பணிபுரிந்த கோடீஸ்வரன் என்ற தமிழ் அலுவலர் சிங்களத் தேர்ச்சித் தேர்வு எழுத மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் துப்பாக்கியைத் தேடவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குத் தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1969இல், வழக்குத் தொடரலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியை மீண்டும் ஆராயும்படி திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்குக் கடைசிவரை தீர்ப்பே வரவில்லை. பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972ஆம் ஆண்டு அரசமைப்பு பழைய சிறுபான்மைக் காப்பு விதியை நீக்கியது. ஒரு சம்பள உயர்வுக்கான வழக்கின் வழியே, சட்டத்தால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் கரைந்துபோயிற்று.

அடுத்த அடி கல்வியில் விழுந்தது. 1971 அனுமதிக்கான தரப்படுத்தலில், மருத்துவப் படிப்பில் சேர 400க்குத் தமிழ்வழி மாணவருக்கு 250, சிங்களவழி மாணவருக்கு 229 என்று மதிப்பெண் வரம்பு வேறுபட்டது. வறண்ட நிலமும் குறைந்த தொழில்களும் கொண்ட யாழ்ப்பாணத்தில் படிப்பும் அரசு வேலையுமே குடும்பத்தை உயர்த்தும் ஏணி. அந்த 21 மதிப்பெண் அங்கே ஒரு தலைமுறையின் கோபமாயிற்று. பின்னாளில் ஆயுத இயக்கங்களின் முதல் வரிசையில் நின்றவர்களில் பலர் அந்தத் தலைமுறை மாணவர்களே.

ஏலப் போட்டி

பெரும்பான்மை மக்கள் எல்லோரும் இதை விரும்பினார்களா என்ற கேள்வி எழும். டொனால்ட் ஹொரோவிட்ஸ் 1985இல் எழுதிய பெருநூல் இதற்கொரு விடை தருகிறது. ஓர் இனத்தின் வாக்குகளுக்காக இரு கட்சிகள் போட்டியிடும்போது, நடுநிலை பேசுபவர் இனத்துரோகி ஆக்கப்படுகிறார். அதிகம் கேட்பவர் வெல்கிறார். ஏலத்தில் விலை ஏறுவதுபோல நிலைப்பாடுகள் ஏறுகின்றன.

1956 தேர்தலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 24 மணி நேரத்தில் சிங்களத்தை ஆட்சிமொழி ஆக்குவதாக வாக்களித்தார். அதுவரை இருமொழிக் கொள்கை பேசிய ஐக்கிய தேசியக் கட்சியும் அவசரமாகத் தனிச் சிங்களத்துக்கு மாறியது. ஆனாலும் எட்டு இடங்களே கிடைத்தன. வென்றபின் பண்டாரநாயக்க சமரசத்துக்கு இறங்கிவந்தார். 1957இல் தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தோடு பிராந்திய சபைகளுக்கான ஒப்பந்தம் செய்தார். உடனே எதிர்க்கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்தன அதற்கெதிராகக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9 அன்று கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் உள்ள பிரதமரின் வீட்டு முன் பிக்குகள் அமர்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் ரத்து என்று சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும் என்றார்கள். பிரதமர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே நாடெங்கும் தமிழர்மேல் வன்முறை வெடித்தது. பண்டாரநாயக்க 1959இல் ஒரு பிக்குவின் கையால் சுடப்பட்டு இறந்தார். 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தை முறித்ததில், இப்போது எதிர்க்கட்சியாக இருந்த பண்டாரநாயக்கவின் கட்சிக்குப் பங்கு இருந்தது. ஆட்சியில் இருக்கும்போது சமரசம், வெளியே இருக்கும்போது எதிர்ப்பு என்று இரு கட்சிகளும் மாறி மாறி நின்றன.

ஏலம் ஒருபக்கத்தோடு நிற்பதில்லை. கூட்டாட்சி கேட்டு அறவழியில் போராடிய தமிழ்த் தலைவர்கள் வெறுங்கையோடு திரும்பத் திரும்ப, இளைஞர்கள் அவர்களை ஏளனம் செய்தார்கள். 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டதும் கொழும்பில் தமிழர்மேல் பாய்ந்த கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்து வீடு தேடின. ருவாண்டாவில் அடையாள அட்டை செய்ததை இங்கே அந்தப் பட்டியல் செய்தது. அடுத்த மாதம் வந்த ஆறாம் திருத்தம், தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடும் சத்தியம் கேட்டது. மறுத்த தமிழ் உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். பேசக்கூடியவர்கள் வெளியேறிய இடத்தை ஆயுதம் ஏந்தியவர்கள் நிரப்பினார்கள். சில டசின் பேராக இருந்த இயக்கங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அந்தப் போர் 2009 மே வரை நீடித்தது.

அச்சம் அச்சத்தைப் பெருக்குதல்

அரசு தள்ளாடும் நேரத்தில் பகை இல்லாமலும் போர் தொடங்கக்கூடும். காவல் இல்லாத ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் தற்காப்புக்காக வாங்கும் துப்பாக்கி, இந்த வீட்டுக்காரருக்கு அச்சுறுத்தல், அவரும் வாங்குகிறார். 1993இல் பாரி போசன் இந்தத் தர்க்கத்தை இனக்குழுக்களுக்குப் பொருத்தி, யூகோஸ்லாவியாவை எடுத்துக்காட்டினார்.

1980இல் டிட்டோ மறைந்தபின் கடனிலும் விலைவாசியிலும் திணறிய அந்தக் கூட்டாட்சியில், ஸ்லோபதான் மிலோஷெவிச் செர்பிய தேசியத்தைத் தூண்டி மேலெழுந்தார். 1989இல் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். 1990 தேர்தல்களில் குடியரசுகள் பலவற்றில் தேசியவாதக் கட்சிகள் வென்றன. குரோவேஷியாவின் புதிய அரசமைப்பு அங்கிருந்த செர்பியரைச் சிறுபான்மையாகக் குறித்தது. இரண்டாம் உலகப்போரில் உஸ்தாஷா என்னும் குரோவேஷியப் பாசிச ஆட்சி செய்த படுகொலைகளை மறக்காத செர்பியக் கிராமங்கள், பழைய சின்னத்தோடு வந்த புதிய காவலரைக் கண்டு தடுப்புகள் எழுப்பின. அதையே குரோவேஷியர் படையெடுப்பின் முன்னோட்டமாகக் கண்டார்கள். பெல்கிரேட் வானொலியும் தொலைக்காட்சியும் அந்த அச்சத்துக்கு நாள்தோறும் தீனி போட்டன. கூட்டாட்சிப் படையின் ஆயுதங்கள் ஒரு தரப்புக்குப் போய்ச் சேர்ந்தன.

பொஸ்னியாவில் 1991 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் 44, செர்பியர் 31, குரோவேஷியர் 17 விழுக்காடு. கலப்புத் திருமணங்கள் சாதாரணமாக நடந்த சரயேவோ நகரம் 1992 ஏப்ரலில் முற்றுகைக்குள்ளானது. 1995 இறுதிவரை நீண்ட அந்தப் போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். போர் தொடங்கியபின் அண்டை வீட்டாரின் அச்சம் மெய்யானது; பகை போரின் காரணமாக இருந்ததைவிட அதன் விளைவாகவே அதிகம் விளைந்தது.

முறிக்கப்பட்ட வாக்கு

போரால் இரு தரப்புக்கும் இழப்பு என்று தெரிந்தும் ஏன் உடன்பாடு நிலைப்பதில்லை? பலம் கூடிய தரப்பு நாளை வாக்கை மீறாது என்பதற்கு உறுதி இல்லாததே காரணம் என்று ஃபியரனும் பார்பரா வால்ட்டரும் விளக்கினார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்தவர் அதை மீண்டும் எடுப்பது கடினம். கையெழுத்திட்டவர் அதை அழிப்பது எளிது.

சூடான் இதைக் கண்ணெதிரே நிறுவியது. வடக்கில் அரபு மொழி பேசும் முஸ்லிம்களின் கையில் இருந்த அரசுக்கு எதிராகத் தெற்கு 1955இல் கிளர்ந்தது. 1972 அடிஸ் அபாபா ஒப்பந்தம் தெற்குக்குத் தன்னாட்சி தந்ததும் 17 ஆண்டுப் போர் நின்றது. 11 ஆண்டுகள் அமைதி நிலவியது. இனம், மதம், வறுமை எதுவும் அந்த ஆண்டுகளில் மாறவில்லை. இடையில் தெற்கின் பெந்தியூ பகுதியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1983இல் ஜனாதிபதி நிமைரி தன்னாட்சிப் பகுதியை மூன்றாகப் பிரித்தார். ஷரியா சட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தார். போர் மீண்டும் மூண்டு 2005 வரை எரிந்தது. ஏறத்தாழ 20 லட்சம் பேர் சண்டையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. 2011இல் தெற்கு சூடான் தனிநாடானது. இரண்டே ஆண்டுகளில், புதிய அரசு யார் கையில் என்ற அதே கேள்வி திங்கா, நுவேர் மக்களைப் பிளந்தது. எல்லையை மாற்றி வரைவது மட்டும் அந்தக் கேள்வியைத் தீர்க்காது.

வளமும் வெளிக்கைகளும்

எண்ணெயும் கனிமமும் விலக்கப்பட்ட ஒரு குழுவின் மண்ணில் இருக்கும்போது, எங்கள் செல்வம் தலைநகருக்குப் போகிறது என்ற குரல் வலுக்கிறது; பிரிந்தால் பிழைக்கலாம் என்ற கணக்கும் எழுகிறது. நைஜீரியாவின் பயாஃப்ரா, இந்தோனேசியாவின் ஆச்சே ஆகியவை இதற்குச் சான்று.

எல்லை தாண்டிய உறவுகள் போரை நீட்டிக்கின்றன. ருவாண்டாப் போர் உகாண்டாவின் அகதி முகாம்களில் கருக்கொண்டது. 1983க்குப் பின் தமிழ் இயக்கங்களுக்கு இந்தியா பயிற்சியும் ஆயுதமும் தந்தது. மேற்குநாடுகளில் குடியேறிய தமிழரின் பணம் பின்னர் சேர்ந்தது. வெளிக்கை தீயை மூட்டுவது அரிது. மூண்ட தீயை அணையவிடாமல் வைப்பது வழக்கம்.

போர் வராத இடங்கள்

காரணங்களைச் சரிபார்க்க, அதே நிலைமைகள் இருந்தும் போர் தவிர்ந்த இடங்களையும் பார்க்க வேண்டும். இலங்கை தனிச் சிங்களச் சட்டம் இயற்றிய அதே 1956இல், நவம்பர் 1 அன்று இந்தியா மாநில எல்லைகளை மொழிவழி திருத்தியது. தமிழ்நாட்டிலும் தனிநாட்டுக் கோரிக்கை இருந்தது. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தீக்குளிப்புகளும் துப்பாக்கிச்சூடும் நடந்தன. ஆனால் 1967இல் திமுக தேர்தல் வழியே ஆட்சிக்கு வந்தது. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. எதிர்த்தவர்களுக்கு ஆட்சியில் இடம் கிடைத்தது. இதே இந்தியா எல்லா இடத்திலும் இப்படி நடந்துகொள்ளவில்லை. நாகாலாந்தும் காஷ்மீரும் பஞ்சாபும் அதற்குச் சாட்சி. மிசோரமில் 1966இல் எழுந்த ஆயுதக் கிளர்ச்சி 1986 உடன்பாட்டோடு முடிந்தது. கிளர்ச்சித் தலைவர் லால்டெங்கா முதலமைச்சரானார்.

அதிகாரப் பகிர்வுக்கும் ஒரு வரம்பு உண்டு. லெபனான் 1932 கணக்கெடுப்பின் அடிப்படையில் நாடாளுமன்ற இடங்களைக் கிறிஸ்தவர் ஆறு, முஸ்லிம்கள் ஐந்து என்று பங்கிட்டது. மக்கள்தொகை மாறியபின்னும் பங்கு மாறவில்லை. புதிய கணக்கெடுப்பும் எடுக்கப்படவில்லை. 1975இல் வெடித்த போர் 15 ஆண்டுகள் நீடித்தது; 1989 தாயிஃப் உடன்பாடு சமபங்கு தந்தது. உறைந்துபோன பங்கீடும் நாளடைவில் விலக்கலாகிவிடுகிறது.

தொகுத்துப் பார்த்தால்

இந்தக் காரணங்கள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே தொடரின் வெவ்வேறு கட்டங்கள். அரசு ஓர் இனத்தின் சொத்தாக மாறுவது முதல் கட்டம். கட்சிகளின் ஏலப் போட்டி திருத்தத்தைத் தடுப்பது இரண்டாம் கட்டம். நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஒப்பந்தமும் ஒவ்வொன்றாகப் பொய்த்து, பேசுவோர் மதிப்பிழப்பது மூன்றாம் கட்டம். அதன்பின் ஒரு கொலையோ கலவரமோ பொறியாகிறது. வறுமையும் நிலமும் படையின் கண்மூடித்தனமும் வெளிநாட்டு ஆதரவும் அந்தப் பொறியை நெடும்போராக்குகின்றன. கடைசிக் கட்டத்தில் ஆய்வுகள் அளக்கும் வாய்ப்புகள் செயல்படுகின்றன. முதல் மூன்று கட்டங்களில் செயல்படுபவை மனிதர் எடுத்த முடிவுகள். ஓர் அட்டையில் ஒரு வரி, ஒரு தேர்வு, ஒரு மதிப்பெண் வரம்பு, வீட்டு வாசலில் எழுதிக்கொடுத்த ஒரு தாள் ஆகியவை முடிவான நாளில் போர் நெடுந்தொலைவில் இருந்தது. அந்த நாட்களில் ஒவ்வொன்றையும் வேறுவிதமாக முடிவு செய்திருக்க முடியும்.